நிஜத் திருடர்களே வந்து பேசும் கொள்ளைப் படங்கள்: நேர்மையா, உத்தியா?

வாசகர் கேள்வி, 4 மார்ச்

நிஜமாக நடந்த கொள்ளையைப் படமாக எடுக்கிறார்கள். நடிகர்கள் நடித்துக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே அந்தக் குற்றத்தைச் செய்தவர்களையே கேமரா முன்னால் உட்காரவைத்துப் பேசவிடுகிறார்கள். எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது. ஆவணப்படமா, ஆவணப்படம் எடுங்கள். கதையா, கதை எடுங்கள். 'அமெரிக்கன் அனிமல்ஸ்' பார்க்க உட்கார்ந்து பாதியில் நிறுத்திவிட்டேன். இதில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

5 மார்ச், இரவு 11.10

பாதியில் நிறுத்தியதுதான் தப்பு. முதல் பாதியை மட்டும் வைத்துப் பேசினால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இரண்டாம் பாதியில் அந்தப் படமே உங்கள் கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 17. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், லெக்சிங்டன் நகரம். அங்கே டிரான்சில்வேனியா பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அதன் நூலகத்தில் அரிய நூல்களுக்குத் தனி அறை, பார்த்துக்கொள்ள ஒரு பெண் நூலகர். கல்லூரியில் படிக்கும் நான்கு பையன்கள், சாப்பாட்டுக்கோ படிப்புக்கோ குறை இல்லாத வீட்டுப் பிள்ளைகள், அங்கிருக்கும், ஆடுபான் என்ற ஓவியரின் பறவை ஓவியத் தொகுதிகளைத் திருடத் திட்டம் போடுகிறார்கள். நூலகரை மின் அதிர்ச்சிக் கருவியால் தாக்கிக் கட்டிப்போடுகிறார்கள். தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வழி தெரியாமல் தடுமாறி, கடைசியில் படிக்கட்டிலேயே போட்டுவிட்டு, கைக்கு அடக்கமான சில நூல்களோடு ஓடுகிறார்கள். அவற்றில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1859 முதல் பதிப்பும் ஒன்று. அவற்றை மதிப்பிடுவதற்கு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்துக்கே எடுத்துப்போய், தங்களில் ஒருவனுடைய கைபேசி எண்ணையே கொடுத்துவிட்டு வந்தார்கள். 2005 பிப்ரவரியில் மாட்டினார்கள். ஆளுக்கு ஏழாண்டுக்கு மேல் தண்டனை.

2018இல் பார்ட் லேட்டன் இதைப் படமாக்கினார். அவர் அதற்கு முன் 'தி இம்போஸ்டர்' என்ற ஆவணப்படம் எடுத்தவர். எவன் பீட்டர்ஸும் பேரி கியோகனும் நடிக்க, அவர்கள் யாராக நடிக்கிறார்களோ அந்த வாரனும் ஸ்பென்சரும் நேரில் வந்து பேசுகிறார்கள். மற்ற இரண்டு பேரும் பேசுகிறார்கள், பெற்றோர்களும் பேசுகிறார்கள்.

படம் தொடங்கும்போதே திரையில் ஒரு வரி வரும், இது உண்மைக் கதையை அடிப்படையாகக் கொண்டதல்ல என்று. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து சில சொற்கள் மறைந்து, இது உண்மைக் கதை என்று மட்டும் மிஞ்சும். நம் படங்களில் 'பெயர்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே' என்று போட்டுவிட்டு, விளம்பரத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று சொல்வோமே, அது வழக்குக்குப் பயந்து போடுவது. இங்கே அந்த அட்டையிலிருந்தே படத்தின் வேலை ஆரம்பமாகிவிடுகிறது.

5 மார்ச், இரவு 11.45

முக்கியமானதை விட்டுவிட்டேன். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி நான் எது சொன்னாலும் அந்த மேசைக்குப் பின்னாலிருந்துதான் சொல்கிறேன். தெரிந்துகொண்டு படியுங்கள்.

6 மார்ச், மதியம்

நினைவு என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நிஜ ஆட்கள் எதற்கு என்ற கேள்விக்கு என் முதல் பதில் அதுதான்.

திருட்டுப் பொருளை வாங்குகிற ஆளைத் தேடி வாரனும் ஸ்பென்சரும் நியூயார்க் போகிறார்கள். அங்கே சந்தித்த ஆள் கழுத்தில் சுற்றியிருந்த துணி என்ன நிறம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் ஒரு நிறம் சொல்கிறார், மற்றவர் வேறு சொல்கிறார். அவர்கள் சொல்லச் சொல்லத் திரையில் நிறம் மாறுகிறது. இன்னொரு காட்சியில், நடிக்கிற வாரன் கார் ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்து இருக்கையில் நிஜ வாரனே உட்கார்ந்திருப்பார். இப்படித்தான் நடந்ததா என்று நடிகர் கேட்கிறார். சரியாக இப்படியில்லை, ஆனால் ஸ்பென்சருக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது என்றால் இப்படியே வைத்துக்கொள்வோம் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார்.

வெறும் ஆவணப்படமாக எடுத்திருந்தால் இரண்டு பேட்டிகளும் முரண்படுகின்றன என்பதோடு நின்றிருக்கும். வெறும் கதையாக எடுத்திருந்தால் இயக்குநர் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார், நமக்கு முரண் இருந்ததே தெரிந்திருக்காது. இரண்டையும் சேர்த்ததால்தான், சொல்கிறவனை நம்பி நம் கண் ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது நமக்கே உறைக்கிறது. கடைசியில் வாரன் தனியாக ஆம்ஸ்டர்டாம் போய் ஆட்களைச் சந்தித்ததாகச் சொன்ன கதை முழுவதுமே நிஜமா என்று ஸ்பென்சர் சந்தேகப்படும்போது, நாம் கண்ணால் பார்த்த அந்த ஆம்ஸ்டர்டாம் காட்சிகள் காலுக்கடியில் நழுவுகின்றன.

6 மார்ச், இரவு

"இதெல்லாம் சரி, ஆனால் திருடனுக்கு மேடை கொடுக்கலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நாளை எழுதுகிறேன், இன்று இருப்புச் சரிபார்ப்பு, முதுகு கழன்றுவிட்டது.

7 மார்ச், இரவு 10.20

அந்தத் தொகுதிகளின் எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆடுபான் ஒவ்வொரு பறவையையும் அதன் உண்மையான அளவிலேயே வரைந்தார். அதனால் தாள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். 1827 முதல் 1838 வரை வெளியான 435 படங்கள், நான்கு தொகுதிகள். 2000இல் ஒரு முழுப் பிரதி கிறிஸ்டீஸில் 88 லட்சம் டாலருக்கு மேல் போனது. பையன்கள் கண்ணில் பட்டது அந்தத் தொகை. எடையைப் பற்றி அவர்கள் யோசித்திருந்தால் திட்டமே போட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கட்டு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறோம். ஆடுபான் அளவில் பாதிகூட இருக்காது. அதை அலமாரியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முதுகுப் பக்கத்தைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் கீழ் விளிம்பைப் பிடிக்க வேண்டும். மேலட்டையைப் பிடித்து இழுத்தால் மூட்டு பிரிந்து அட்டை மட்டும் கையோடு வரும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். படத்தில் அந்தப் பையன்கள் தொகுதியை இழுக்கும்போது திரையரங்கில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்களா என்று பதைத்திருப்பார்கள். நான் அந்த அட்டையின் மூட்டைப் பார்த்துப் பதைத்தேன்.

இப்போது மேடை விஷயம். கொள்ளை நடப்பதற்கு முன், வாரனின் கற்பனையில் அது எப்படி நடக்கும் என்று ஒரு காட்சி வரும். பாட்டு ஓடும், நால்வரும் நடனம் ஆடுவதுபோல நகர்வார்கள், நூலகர் சத்தமில்லாமல் சரிவார், புத்தகங்கள் பஞ்சு போலப் பறந்து பைக்குள் போகும். கொள்ளைப் படங்களை வாடகைக்கு எடுத்துவந்து பாடம் படித்த பையன்கள் அவர்கள். ஒருவருக்கொருவர் நிறங்களின் பெயர் வைத்துக்கொள்வதுகூடப் படத்தில் பார்த்ததுதான். நூலகரை என்ன செய்வது என்ற பேச்சு வரும்போது, தாக்குவது, அடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. செயலிழக்கவைப்பது என்ற மாதிரி ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்த வேலையை யார் தலையில் கட்டுவது என்பதுதான் தகராறு.

பிறகு நிஜக் கொள்ளை வருகிறது. பாட்டு இல்லை. கருவி வைத்தும் அவர் மயங்கவில்லை. அழுகிறார், துடிக்கிறார், கட்ட முடியவில்லை. நூலகராக ஆன் டவுட் நடித்திருக்கும் அந்தக் காட்சியைக் கேமரா விட்டு நகர மறுக்கிறது. அதன் பின் நிஜப் பையன்களின் முகங்களைக் காட்டுகிறார்கள், படம் எடுத்தபோது முப்பதுகளில் இருந்தவர்கள். அவ்வளவு நேரம் சரளமாகப் பேசியவர்களுக்கு வார்த்தை வரவில்லை.

மேடை கொடுத்தார்களா? கொடுத்தார்கள். அந்த மேடையில் அவர்கள் வாயடைத்து நிற்கிற இடம் வரைக்கும் கொண்டுபோனார்கள். நடிகரைக் கொண்டு அந்த மௌனத்தை எடுக்க முடியாது. எடுத்தால் நன்றாக நடித்தார் என்போம்.

8 மார்ச், காலை

திருத்தம். 'திரையரங்கில்' என்று எழுதிவிட்டேன். நான் பார்த்தது வீட்டில், கைபேசியில், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு. ஒலிவாங்கி இல்லை, செவிப்பொறி. அதற்குச் சரியான சொல் என்ன என்று யாராவது சொல்லுங்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் இயர்போன் என்றுதான் சொல்கிறோம்.

8 மார்ச், இரவு 11.55

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2011இல் நான் வேறொரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். சாயங்காலம் ஐந்தரை இருக்கும், குறிப்புதவிப் பகுதியில் நான் மட்டும். ஒரு ஆள் வந்தான், ஆராய்ச்சி மாணவன் என்றான், 1920களில் அச்சான ஒரு நிகண்டைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் புரட்டினான். சட்டென்று சட்டைக்குள் சொருகிக்கொண்டு எழுந்தான். நான் வாசலில் போய் நின்றேன். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். கதவுச் சட்டத்தில் கை இடித்துக் கண்ணாடி வளையல் அத்தனையும் நொறுங்கியது. நான் கத்தவில்லை. கத்த வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

காவலாளி அரை மணி நேரம் கழித்து அந்த நிகண்டை மதில் ஓரத்தில் கண்டெடுத்தார், அட்டை பிரிந்து கிடந்தது. ஆள் அகப்படவில்லை.

மறுநாளே கல்லூரி முழுக்கக் கதை பரவிவிட்டது. "மேடம் வளையலைக் கழற்றி எறிஞ்சதுல திருடன் புத்தகத்தைப் போட்டுட்டு ஓடிட்டான்." சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வருடத்தில் நானே கல்யாண வீடுகளில் அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வளையலை எறிந்தேன் என்று. சொல்லிச் சொல்லி, எறிந்தது எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

பிறகு ஒருநாள் பழைய வழங்கல் பதிவேட்டைப் புரட்டியபோது, தாள் மடிப்புக்குள் ஒரு பச்சை வளையல் துண்டு, நகத்தளவு. ஓரத்தில் பழுப்பாகக் கறை. மறுநாள் காலை நானே முட்டிபோட்டு உட்கார்ந்து அந்தத் துண்டுகளைக் கூட்டி அள்ளியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எறிந்தவள் எதற்குக் கூட்டியிருக்கப் போகிறாள்.

இதனால்தான் அந்தக் கார் காட்சி எனக்கு உத்தியாகத் தெரியவில்லை. அவர்கள் சொல்வதுபோலவே வைத்துக்கொள்வோம் என்று நானும் ஒருமுறை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

9 மார்ச், இரவு

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கை நன்றாக இருக்கிறது, பதினைந்து வருடம் ஆகப்போகிறது.

ஒருவர் 'டாக் டே ஆஃப்டர்நூன்' பற்றிக் கேட்டிருந்தார். 1972 ஆகஸ்ட் 22, நியூயார்க் புரூக்ளினில் ஒரு வங்கிக் கிளை. ஜான் வோய்டோவிச் என்பவர் கொள்ளையடிக்கப் போய், பணயக் கைதிகளோடு மணிக்கணக்கில் உள்ளே மாட்டிக்கொண்டார். 1975இல் சிட்னி லூமெட் படமாக்கினார், அல் பசினோ நடித்தார். அது முழுக்க நாடகம், நிஜ ஆள் யாரும் வரவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பியேர் ஹூய்க் என்ற பிரெஞ்சுக் கலைஞர் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு கழித்து, வயதான வோய்டோவிச்சையே கூட்டிவந்து, வங்கி போல ஒரு அரங்கம் போட்டு, நடந்ததை நடத்திக் காட்டச் சொன்னார். 'மூன்றாம் நினைவு' என்று அதற்குப் பெயர். மனிதர் துணை நடிகர்களுக்கு நீ இங்கே நில், நீ அங்கே போ என்று இயக்குநர் மாதிரி கட்டளை போடுகிறார். படத்தில் காட்டியது தப்பு என்று திருத்துகிறார். ஆனால் பசினோ நடித்தது அவர் நினைவுக்குள்ளும் புகுந்துவிட்டது. எது அவர் செய்தது, எது படத்தில் பார்த்தது என்று பிரிக்க முடியவில்லை. கொள்ளைக்குப் போவதற்கு முன் வோய்டோவிச்சும் கூட்டாளிகளும் பார்த்த படம் 'தி காட்ஃபாதர்', அதிலும் பசினோதான்.

லெக்சிங்டன் பையன்களும் படம் பார்த்துத்தான் போனார்கள். படம் குற்றத்துக்குள் போகிறது, குற்றம் படத்துக்குள் வருகிறது. ஒரு கோட்டைக் கிழித்து இந்தப் பக்கம் ஆவணம், அந்தப் பக்கம் கதை என்று பிரிக்கச் சொல்கிறீர்கள். குற்றம் செய்தவனுடைய மண்டைக்குள்ளேயே அந்தக் கோடு இல்லையே.

10 மார்ச், மதியம்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். திருடன் நினைவு, திருடன் மண்டை என்றே போகிறது. நானும் அந்த வலையில்தான் விழுந்திருக்கிறேன்.

1963 ஆகஸ்ட் 8, இங்கிலாந்து ரயில் கொள்ளை. 26 லட்சம் பவுண்டு. ரோனி பிக்ஸ் பெயர் உலகத்துக்கே தெரியும், சிறையிலிருந்து தப்பினார், பிரேசிலில் வாழ்ந்தார், பாட்டுகூடப் பாடினார். தலையில் அடிபட்டது ரயில் ஓட்டிய ஜாக் மில்ஸுக்கு. 1970இல் இறந்துபோனார். இந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

10 மார்ச், இரவு 11.30

இப்போது என் 5ஆம் தேதி வாதத்தை நானே கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கிறது.

'அமெரிக்கன் அனிமல்ஸ்' படத்தில் நான்கு பையன்களும் ஆரம்பத்திலிருந்தே பேசுகிறார்கள். பெற்றோர் பேசுகிறார்கள். நிஜ நூலகர் எப்போது வருகிறார் தெரியுமா? எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில். கொஞ்ச நேரம்தான். அந்தப் பையன்கள் எதையும் உழைத்துப் பெற விரும்பவில்லை, அதற்காக இன்னொருவரை வலிக்கவைக்கும் கோட்டைத் தாண்டத் தயாராக இருந்தார்கள் என்ற கருத்தில் பேசுகிறார். குரல் உயரவில்லை. அழவில்லை. எதிரே மாணவர் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பேசுகிறார்.

முதல்முறை பார்த்தபோது அது எனக்கு அறைந்ததுபோல இருந்தது. இவ்வளவு நேரமாக இவரைக் கேட்கவே நமக்குத் தோன்றவில்லையே என்று. இயக்குநர் நம்மையும் அந்தப் பையன்களோடு சேர்த்து நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இன்று இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்றும் தோன்றியது. அந்த அதிர்ச்சி வேலை செய்ய வேண்டுமென்றால் அவரைக் கடைசிவரை மறைத்துத்தான் வைக்க வேண்டும். அதாவது படத்தின் பலத்துக்காக அவர் மறுபடியும் காத்திருக்கவைக்கப்படுகிறார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கேள்வி கேட்டவருடைய கோபத்தில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

11 மார்ச், காலை

"அவரை முதலிலேயே பேசவைத்திருந்தால் யார் அந்தப் பையன்களோடு சேர்ந்து திட்டம் போட்டிருப்பார்கள், படமே எழுந்திருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். அதனால்தான் குழப்பம்.

ஆனால் ஒன்று. நம் தொலைக்காட்சிக் குற்ற நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் நடித்துக் காட்டுதல் உண்டு, நிஜப் பேட்டியும் உண்டு. கலப்பு அதேதான். அடிபட்டவர் முகத்தை மங்கலாக்கி, அழுகிற இடத்தில் பின்னணி இசையை ஏற்றி, மறுபடி மறுபடி அதே அடியைக் காட்டுவார்கள். அவர் அழுவதற்கு மட்டும்தான் அங்கே இருக்கிறார். லெக்சிங்டன் நூலகர் தீர்ப்பு சொல்கிறார். நேரம் குறைவுதான், ஆனால் அவர் பேச்சுக்குமேல் வேறு யாரும் விளக்கம் சொல்ல வருவதில்லை.

14 மார்ச், இரவு 9.50

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் புரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். எது நடிகர், எது நிஜ ஆள் என்று அம்மா ஒருமுறைகூடக் குழம்பவில்லை. "இவன் நெசமா பண்ணவன், கண்ணப் பாரு" என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதியது அங்கே ஒரு வரியில் முடிந்துபோனது.

கட்டிப்போடும் காட்சியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், மணிக்கட்டை. 2011இல் நடந்ததைக் கல்யாண வீட்டுக் கதையாகத்தான் அம்மாவுக்கும் சொல்லியிருந்தேன். படம் முடிந்ததும் டீ போட எழுந்தவர் வாசலில் நின்று, "நீ வளையலை எறியலல்ல?" என்றார்.

இல்லைம்மா என்றேன்.

15 மார்ச், காலை

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் நிறுத்திய இடம் எது என்று சொன்னீர்களானால் நல்லது. கிழவர்கள் வேஷம் போட்டுக்கொண்டு முதல் முயற்சிக்குப் போகிற இடத்துக்கு முன்பா? அப்படியென்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். அந்த வேஷம் வரைக்கும் வேடிக்கை. அதற்கு மறுநாள் அந்த அறைக்கதவு திறக்கும்போது ஒலியைக் குறைக்காமல் பாருங்கள், பிறகு வந்து எழுதுங்கள். நீங்கள் அப்போதும் ஏமாற்று வேலை என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன், ஏன் என்று மட்டும் கேட்பேன்.